காட்டின் இருப்புக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் மத்தியப் பிரதேசத்தின் பேதூல் மாவட்டத்தில், ஒரு கிராமக் கிளையில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சாத்புரா மலைத்தொடரின் நடுவே அமைந்த மாவட்டம் அது. தபதி ஆறு அங்குள்ள முல்தாயி என்னும் ஊரில்தான் பிறக்கிறது. தேக்கும் இலுப்பையும் கருமருதும் நிறைந்த வறண்ட இலையுதிர் காடுகள் கிளையின் பின்சுவரிலிருந்தே தொடங்குவது போலத் தோன்றும்.

கோடை வந்தால் எங்கள் கிளையில் கூட்டம் பெருகும். தெந்து எனப்படும் பீடி இலையைப் பறிப்போரின் கூலி சேமிப்புக் கணக்குகளில் வரவாகும் காலம் அது. ஐம்பது இலை ஒரு கட்டு. ஆயிரம் கட்டு ஒரு மூட்டை என்பது அங்குள்ள கணக்கு. அதற்கு முன்னதாகப் பங்குனி, சித்திரை மாதங்களில் இலுப்பைப்பூ. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் கேலியாகச் சொல்லும் பூ, அங்கே பல வீடுகளில் மூன்று மாத உணவும் வருமானமும் ஆகும்.

ஒரு நாள் கோண்டு பழங்குடிப் பெண்கள் அடங்கிய சுயஉதவிக் குழு ஒன்று கடன் கேட்டு வந்தது. இலுப்பைப்பூவை உலர்த்தித் தரம் பிரித்து விற்பதற்கு ஒரு கூடமும் சில கருவிகளும் வேண்டும் என்றார்கள். மூலப்பொருள் தொடர்ந்து கிடைக்குமா என்று அறிவது கடன் அளிப்பவரின் கடமை. மாவட்டத்தின் வனப்பரப்பு புள்ளிவிவரத்தைப் பார்த்தேன். பெரிய மாற்றம் ஏதும் இல்லை. ஆகவே கவலை இல்லை என்று குறிப்பு எழுத முற்பட்டேன். குழுவின் தலைவியான முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாகிப், நாங்கள் பூப் பொறுக்கும் மரமெல்லாம் என் மாமியார் காலத்து மரம். அதற்குப் பிறகு ஒரு கன்றுகூட மேலே வரவில்லை."

அரசு ஆவணத்தில் காடு குறையவில்லை. அவர் கண்ணில் காடு முடிந்துகொண்டிருந்தது. இரண்டில் எது சரி? வணிகவியல் படித்தவனாகிய எனக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் ஒரு கணக்கு இரண்டு விதமாகத் தோன்றினால் எங்கே பார்க்க வேண்டும் என்பது ஓரளவு தெரியும். அந்தக் கேள்வியின் வழியே, காட்டில் மரம் குறைவதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கற்றுக்கொண்டதை நம் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காடு என்பதன் இலக்கணம்

எந்தக் கணக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது தலைப்பு. 'காடு' என்ற தலைப்பின்கீழ் எவற்றை வரவு வைக்கிறார்கள்?

நம் நாட்டில் இப்பணியைச் செய்வது டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன ஆய்வு நிறுவனம். 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1987 முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நாட்டின் வன நிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அதன் வரையறைப்படி, குறைந்தது ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்பில், மரங்களின் விதானம் நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருக்குச் சொந்தம், சட்டப்படி அது காடா, என்ன மரம் நிற்கிறது என்பவை பொருட்டல்ல. மாந்தோப்பும் தைலமரத் தோட்டமும் மூங்கில் புதரும் இந்தக் கணக்கில் சேரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசு ஆவணங்களில் காடு என்று பதிவாகியிருந்தும் மரமே இல்லாத நிலங்கள் உள்ளன. வங்கி மொழியில் சொன்னால், அனுமதிக்கப்பட்ட கடன் வரம்பு வேறு; கணக்கில் உள்ள நிலுவை வேறு. பதிவான வன நிலம் என்பது வரம்பு போன்றது. வனப்பரப்பு என்பது நிலுவை போன்றது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பங்கள் எழுகின்றன.

வனப்பரப்பையும் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். விதானம் எழுபது விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு. நாற்பது முதல் எழுபது வரை மிதமான அடர்த்தி. பத்து முதல் நாற்பது வரை திறந்த காடு. பத்துக்குக் கீழே போனால் அது புதர்நிலம்.

இந்தப் பிரிவில் ஒரு நுட்பம் உண்டு. அறுபத்தொன்பது விழுக்காடு விதானம் இருந்த காடு நாற்பத்தொன்றாக மெலிந்தாலும் அதே வகையில்தான் நிற்கும். மரங்களில் பாதிக்கு அருகில் போயிருந்தாலும் தரப்பட்டியலில் மாற்றம் தெரியாது. நம் வங்கிகளில் தவணை 90 நாட்கள் தவறினால்தான் ஒரு கடன் வாராக்கடன் ஆகிறது. ஆனால் அதற்கு முன்பே, முப்பது நாள், அறுபது நாள் என்று படிப்படியாகச் சிறப்புக் கவனத்துக்குரிய கணக்காகக் குறித்து விழித்துக்கொள்கிறோம். காட்டுக்கும் அத்தகைய முன்னெச்சரிக்கைப் படிகள் தேவை என்பதை அடர்த்தி வகைகளை மட்டும் பார்க்கும்போது மறந்துவிடுகிறோம்.

வானத்திலிருந்து பார்க்கும் கண்

பரந்த நாட்டின் காடுகளை மனிதர் நடந்து அளக்க இயலாது. ஆகவே செயற்கைக்கோள் படங்களே அடிப்படை. இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் வித்தியாசத்தை இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு என்ற எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் சிவப்பு ஒளியில் 10 விழுக்காடும் அகச்சிவப்பில் 50 விழுக்காடும் திரும்பினால் குறியீடு 40-ஐ 60-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.67. தழைத்த காடு என்று பொருள். வெற்று மண்ணில் இவ்வெண் பூச்சியத்தை ஒட்டி இருக்கும்.

மழைக்காடுகளில் இந்த முறை எளிதாகப் பொருந்தும். வறண்ட காட்டில்தான் சிக்கல். மாசி தொடங்கி வைகாசி வரை தேக்கு மொட்டையாக நிற்கும். அந்நாட்களில் எடுத்த படத்தை மட்டும் பார்த்தால், உயிரோடு நிற்கும் காடு அழிந்த காடாகத் தெரியும். மழைக்காலத்தில் எடுக்கலாம் என்றால் மேகம் மறைக்கும். மழை ஓய்ந்து இலை உதிரத் தொடங்குமுன் உள்ள இடைவெளி, பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை. இந்திய வன ஆய்வு நிறுவனமும் அம்மாதங்களின் படங்களையே பயன்படுத்துகிறது.

அப்போதும் இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது, பச்சை எல்லாம் மரம் அல்ல. மரங்களுக்கு இடையே உள்ள வெளியை உண்ணிச்செடி மூடிக்கொண்டால், மரம் குறைந்த இடமும் வானத்திலிருந்து பசுமையாகத் தெரியும். இரண்டாவது, மழை பொய்த்த ஆண்டில் இலை சீக்கிரம் உதிரும்; நல்ல மழை ஆண்டில் தாமதமாகும். வறட்சி ஆண்டின் நவம்பரையும் வளமான ஆண்டின் நவம்பரையும் ஒப்பிட்டு, மரம் கூடியது குறைந்தது என்று சொல்வது, தீபாவளி மாதத்துக் கடை விற்பனையை ஆடி மாத விற்பனையோடு ஒப்பிடுவது போலாகும். ஒரே பருவத்தில், பல ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மட்டுமே மழையின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு, நிலையான சரிவு உண்டா என்று காண முடியும். நல்வாய்ப்பாக, லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுத்து வருகின்றன. 2008 முதல் அப்படங்கள் எவருக்கும் இலவசம்.

கணக்கு முறை மாறினால்

ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்புகளை ஒப்பிடுமுன், கணக்கீட்டு முறை மாறியிருக்கிறதா என்று தணிக்கையாளர் கேட்பார். காட்டிலும் அக்கேள்வி தேவை.

1987-இன் முதல் அறிக்கை நாட்டின் வனப்பரப்பை 6,40,819 சதுர கிலோமீட்டர் என்றது. 2023-க்கான அறிக்கை 7,15,343 என்கிறது. அப்படியானால் 36 ஆண்டுகளில் காடு ஏறத்தாழ 75,000 சதுர கிலோமீட்டர் வளர்ந்ததா? அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. முதல் அறிக்கையின் காலத்தில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 80 மீட்டர் பக்கமுள்ள சதுரம். 400 ஹெக்டேருக்குக் குறைந்த காட்டுத் துண்டுகளை வரைபடத்தில் குறிக்கவே இயலவில்லை. இன்று இந்தியச் செயற்கைக்கோளின் ஒரு புள்ளி 23.5 மீட்டர் பக்கமுள்ளது; அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரை சென்ட் நிலம். ஒரு ஹெக்டேர் துண்டும் கணக்கில் வருகிறது. முன்பு இருந்தும் எண்ணப்படாத தோப்புகள் இப்போது எண்ணப்படுகின்றன. வளர்ச்சியில் ஒரு பகுதி கண்ணாடி மாற்றியதால் வந்த வளர்ச்சி.

அண்மைக் காலத்திலும் இப்படி நேர்ந்துள்ளது. 2021 அறிக்கை வனப்பரப்பை 7,13,789 சதுர கிலோமீட்டர் என்று குறிப்பிட்டது. அடுத்த அறிக்கையின் எண்ணிலிருந்து அதைக் கழித்தால் 1,554 வரும். ஆனால் அந்த அறிக்கை சொல்லும் உயர்வு 156 சதுர கிலோமீட்டர் மட்டுமே. முந்தைய மதிப்பீடு திருத்தப்பட்டு, திருத்திய எண்ணோடு ஒப்பிட்டதே காரணம். தொடக்க இருப்பைத் திருத்தி எழுதுவது தவறன்று. நேர்மையான கணக்கர் செய்ய வேண்டியதே அது. ஆனால் இரண்டு புத்தகங்களின் கடைசி வரியை மட்டும் எடுத்துக் கழித்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

மேலும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பரப்பில் 156 என்பது 0.02 விழுக்காடு. எந்த வரைபடத்திலும் சில விழுக்காடு பிழை இருக்கும். ஆகவே இத்தகைய மாற்றத்தை உயர்வு என்பதைவிட நிலையாக உள்ளது என்பதே பொருத்தம்.

நிகரமும் மொத்தமும்

இப்போது கோண்டு மூதாட்டியின் கேள்விக்கு நெருங்கி வருகிறோம். நிலையாக உள்ளது என்றாலும் அதன் அடியில் என்ன நடக்கிறது?

ஒரு கற்பனைக் காட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 10,000 ஹெக்டேர். தொடக்கத்தில் அடர்காடு 6,000. திறந்த காடு 3,000. மரமற்ற நிலம் 1,000. பத்தாண்டுகளுக்குப் பின் அடர்காடு 5,000. திறந்த காடு 4,100. மரமற்ற நிலம் 900. அடர்காட்டையும் திறந்த காட்டையும் கூட்டினால் 9,000 ஆக இருந்த வனப்பரப்பு 9,100 ஆகிறது. செய்தித்தாளில் 'வனப்பரப்பு 100 ஹெக்டேர் உயர்வு' என்று தலைப்பு வரும்.

அதே காட்டின் பேரேட்டைப் புரட்டினால் கதை மாறுகிறது. அடர்காட்டில் 1,200 ஹெக்டேர் மெலிந்து திறந்த காடாயிற்று. இன்னும் 300 ஹெக்டேர் முற்றிலும் மரமற்றுப் போயிற்று. திறந்த காட்டில் 400 ஹெக்டேர் அழிந்தது. 500 ஹெக்டேர் தேறி அடர்காடானது. மரமற்ற நிலத்தில் 800 ஹெக்டேரில் புதிதாக மரம் வந்தது. அது இயற்கையாகத் தளிர்த்ததாகவும் இருக்கலாம். ஐந்தாண்டில் வெட்டப்போகும் தைலமரத் தோட்டமாகவும் இருக்கலாம். வரவு 800, செலவு 700, நிகர உயர்வு 100. இவற்றோடு 1,200 ஹெக்டேர் தரம் இறங்கியது அந்த நிகர எண்ணில் எங்குமே வராது.

எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு எவ்வளவு சென்றது என்று காட்டும் இந்த அட்டவணையை மாற்ற அணி என்பர். இருப்பை மட்டும் காட்டாமல் பரிவர்த்தனைகளையும் காட்டும் கணக்கறிக்கை அது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளிலும் இத்தகைய அட்டவணைகள் உண்டு. பெரும்பாலோர் அந்தப் பக்கம் வரை படிப்பதில்லை.

2024-இல் இந்த நிகர, மொத்தக் குழப்பம் நாடு தழுவிய விவாதமாயிற்று. 2000-க்குப் பிறகு இந்தியா ஏறத்தாழ 23.3 லட்சம் ஹெக்டேர் மரப்பரப்பை இழந்தது என்ற குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் அமைப்பின் தரவை முன்வைத்து வந்த செய்தியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரசு அறிக்கைகளோ வனப்பரப்பு கூடியதாகச் சொல்கின்றன. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று பலர் நினைத்தனர். உண்மையில் முதலாவது, இழப்பை மட்டும் கூட்டும் செலவுப் பட்டியல். புதிதாக வளர்ந்ததை அது கழிப்பதில்லை. இரண்டாவது, வரவுசெலவு கழித்த நிகர இருப்பு. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள்.

வறண்ட காட்டைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த உலகளாவிய கணக்கு, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள மரங்களையே பார்க்கிறது. மேற்சொன்ன இழப்பு எண்ணும், முப்பது விழுக்காட்டுக்கு மேல் விதானம் இருந்த இடங்களுக்கு உரியது. நம் வறண்ட காடுகளிலும் முட்காடுகளிலும் கணிசமான பகுதி இயல்பாகவே அதற்குக் கீழே இருப்பது. ஆகவே ஒரு கணக்கில் தோப்பும் சேர்ந்து இழப்பை மறைக்கிறது. இன்னொரு கணக்கில் மெலிந்த காடு பட்டியலிலேயே ஏறுவதில்லை.

தேய்மானத்தின் கூட்டுவட்டி

கற்பனைக் காட்டின் அடர்பகுதி பத்தாண்டில் 6,000-லிருந்து 5,000 ஆயிற்று. ஆண்டுக்குச் சராசரி 100 ஹெக்டேர்தானே என்று தோன்றும். ஆனால் குறைந்துகொண்டே வரும் அசலில் இருந்துதான் ஒவ்வோர் ஆண்டும் கழிகிறது. கூட்டுவட்டி முறையில் கணக்கிட்டால் தேய்வு விகிதம் ஆண்டுக்கு 1.8 விழுக்காடு. இதே வேகம் நீடித்தால் ஏறத்தாழ 38 ஆண்டுகளில் அடர்காடு பாதியாகிவிடும். நம் வாடிக்கையாளர்கள் வைப்புத்தொகை எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று கேட்பார்கள். அதே வாய்பாட்டின் மறுபுறம் இது. வெவ்வேறு கால இடைவெளியில் அளந்த இரு காடுகளை ஒப்பிட வேண்டுமானால் ஹெக்டேர் எண்ணிக்கை உதவாது. இந்த ஆண்டு விகிதமே உதவும்.

தரையில் இறங்கி எண்ணுதல்

செயற்கைக்கோள் விதானத்தைப் பார்க்கும். விதானத்தின் கீழே என்ன உள்ளது என்று அதற்குத் தெரியாது. இலுப்பை மரம் கிளை பரப்பி நிற்கும்வரை, அதன் அடியில் கன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வானத்துப் படம் ஒன்றே.

இதை அறியத்தான் மாதிரிக் கட்டங்கள். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த வனத்துறை அலுவலர் ஒருவர், ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை என்னை உடன் அழைத்துச் சென்றார். வரைபடத்தில் முன்கூட்டியே குறித்த புள்ளியைத் தேடிச் சென்று, பத்தில் ஒரு ஹெக்டேர் அளவில் கட்டம் கட்டினார்கள். நல்ல இடம், மோசமான இடம் என்று தாமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆய்வாளருக்குக் கிடையாது. தணிக்கைக்குக் கோப்புகளைக் கிளை மேலாளரே எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது போன்ற விதி அது.

கட்டத்துள் நின்ற ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில், நாடாவால் சுற்றி அளந்தார்கள். வெட்டுண்ட அடிமரங்களை எண்ணினார்கள். தீயின் கருமை, கிளை ஒடித்த தழும்பு, மாட்டுக் குளம்படி அனைத்தையும் குறித்தார்கள். பிறகு சிறிய உட்கட்டங்களில் மண்டியிட்டுக் கன்றுகளைத் தேடினார்கள். தெந்துப் புதர் நிறைய இருந்தது. தேக்கு சில. இலுப்பைக் கன்று ஒன்றும் இல்லை.

நலமுள்ள காட்டில் மெல்லிய மரங்கள் மிகுதியாகவும் பருத்த மரங்கள் குறைவாகவும் இருக்கும். வயதுவாரியாக அடுக்கினால் கூம்பு வடிவம் கிடைக்கும். மேல்தட்டு மட்டும் இருந்து அடித்தட்டு காணவில்லையென்றால், அந்த இனம் இன்றைய இருப்பைச் செலவழித்து வாழ்கிறது என்று பொருள். புதிய கணக்கு ஒன்றும் தொடங்கப்படாத கிளையில் பழைய வாடிக்கையாளர்களின் வைப்புத்தொகை மட்டும் நிற்பது போன்றது. இருப்பு எண் இன்றைக்குப் பெரிதாகத் தெரியும்.

இப்படி ஓரிடத்தில் நீண்ட காலம் எண்ணுவதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. முதுமலையில் 1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேர் வறண்ட இலையுதிர் காட்டைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு முதல் எல்லா மரச்செடிகளுக்கும் எண் வழங்கினர். இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட தண்டுகள். எவை இறந்தன, எவை புதிதாக வந்தன, தீயால் எத்தனை, யானையால் எத்தனை என்று தொடர்ந்து பதிந்து வருகிறார்கள். பெருமரங்கள் அவ்வளவு எளிதில் சாகாமல் இருக்க, சிறு தண்டுகள் தீயிலும் யானையாலும் அலை அலையாய் அழிந்து, பின்னர் மீண்டும் தளிர்ப்பதை அந்தப் பேரேடு காட்டுகிறது. வறண்ட காட்டில் ஓரிரு ஆண்டுக் கணக்கை வைத்து முடிவெடுக்கலாகாது என்பதற்கு அதுவே சான்று.

காரணம் தேடுதல்

எவ்வளவு குறைந்தது என்பதோடு மதிப்பீடு முடிவதில்லை. ஏன் குறைந்தது என்பதும் வேண்டும். மருந்து அதைப் பொறுத்தது.

சில இழப்புகள் ஒரே நாளில் தெரியும். நர்மதை மீது கட்டப்பட்ட இந்திரா சாகர் அணையின் நீர்த்தேக்கம் 913 சதுர கிலோமீட்டர். 2004-இல் ஹர்சூத் என்ற ஊரோடு சேர்ந்து, பெரும்பரப்பிலான தேக்குக் காடும் நீருள் போயிற்று. சுரங்கமும் நெடுஞ்சாலையும் இவ்வகையே. படத்தில் நேர்கோடும் கூர்மையான விளிம்பும் தெரிந்தால் பெரும்பாலும் இவையே காரணம்.

மற்றவை மெல்லக் கரைக்கும் இழப்புகள். ஊரைச் சுற்றி வட்டமாக மெலிந்தால் விறகும் மேய்ச்சலும். பாதையோரமாக மெலிந்தால் கள்ள வெட்டு. இலுப்பைக்கு நேர்வது இன்னும் நுட்பமானது. விடியற்காலையில் உதிரும் பூவைப் பொறுக்க வசதியாக மரத்தடிச் சருகுக்குத் தீ வைப்பார்கள். பெரிய மரத்தை அந்தத் தீ ஒன்றும் செய்யாது. ஆனால் முந்தைய மழையில் முளைத்த கன்று கருகும். பூவைப் பொறுக்கியபின் எண்ணெய்க்காக விதையையும் பொறுக்குவார்கள். வாழ்வளிக்கும் மரத்தின் வாரிசை, வாழ்வுக்காகவே இழக்கும் நிலை. இதில் குற்றவாளி என்று எவரையும் சுட்ட முடியாது.

அளவு பணமாகும்போது

காட்டு நிலத்தை அணைக்கோ சுரங்கத்துக்கோ கொடுக்கும்போது, அனுமதி பெறுபவர் 'நிகழ்கால நிகர மதிப்பு' என்ற தொகையைச் செலுத்த வேண்டும். முதலீட்டுத் திட்டங்களை ஆராய நாங்கள் பயன்படுத்தும் அதே கருத்துதான். வரும் ஆண்டுகளில் அந்தக் காடு தரக்கூடிய நன்மைகளை இன்றைய மதிப்புக்குச் சுருக்கிச் சொல்வது. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இந்த முறையைக் கொணர்ந்தது. 2008-இல் நீதிமன்றம் ஏற்ற விகிதம், காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து, ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. 2022-இல் அது உயர்த்தப்பட்டது.

இதில் ஈரக் காட்டைவிட வறண்ட காட்டுக்கு விலை குறைவு. அடர்காட்டைவிடத் திறந்த காட்டுக்கு விலை குறைவு. எனவே கோடையில் எடுத்த படத்தைப் பார்த்து 'மிதமான அடர்த்தி' என்பதைத் 'திறந்த காடு' என்று ஒருவர் எழுதிவிட்டால், ஒவ்வொரு ஹெக்டேரிலும் பொதுச் சொத்துக்கு வர வேண்டிய தொகை குறையும். விலை குறைவான நிலமே முதலில் கைமாறும் என்பதும் நாம் அறிந்ததே. தபதியும் வைன்கங்காவும் பிறக்கும் சாத்புரா மலைகள் பெரும்பாலும் இந்த விலை குறைந்த காடுகளால் ஆனவை. 2023 அறிக்கையின்படி, காடும் பிற மரப்பரப்பும் சேர்த்துப் பார்க்கையில் மிகுதியாகக் குறைந்த மாநிலமும் மத்தியப் பிரதேசமே: 612 சதுர கிலோமீட்டர்.

வாசகர் செய்யக்கூடியவை

வனப்பரப்பு பற்றிய செய்தியைப் படிக்கும்போது ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தோப்பும் சேர்ந்த கணக்கா? எந்த மாதத்துப் படம்? முந்தைய அளவும் இதே முறையில் எடுத்ததா? நிகரமா, மொத்த இழப்பா? கன்றுகளை எவராவது எண்ணினார்களா? இவற்றுக்கு விடையுள்ள அறிக்கையை நம்பலாம். வன நிலை அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. மாவட்டவாரி எண்களும் அவற்றில் உண்டு. காடுகளையொட்டி வாழ்வோர், இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் காட்டுத்தீ எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாகப் பெறவும் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்தச் சுயஉதவிக் குழுவுக்குக் கடன் அளித்தோம். கடனின் தவணைக்காலம் மூன்று ஆண்டுகள்; அதற்குள் மாமியார் காலத்து மரங்கள் பூப்பதை நிறுத்திவிடப் போவதில்லை. ஆகவே வங்கியின் பணத்துக்கு ஆபத்தில்லை என்று என் குறிப்பில் எழுதியது சரியே. ஆனால் அந்தக் குழுவின் பேத்திகளுக்கு ஆபத்து உண்டு என்பதையும் அதே குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். அலுவலகப் படிவத்தில் அதற்கு இடம் இல்லாததால் 'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுத நேர்ந்தது.

அதைப் பற்றிக் குழுவினரிடம் பேசியபோது, மரத்தடியில் தீ வைப்பதற்குப் பதில் பழைய சேலைகளை விரித்துப் பூவைச் சேர்ப்பது என்றும், வீட்டுக்கு இரண்டு கன்று வயல் வரப்பில் வைப்பது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். முதல் கோடையில் பாதிக் கன்றுகள் பட்டுப்போயின. பட்ட இடத்தில் மறுபடியும் நட்டார்கள். இலுப்பை பூக்கப் பத்தாண்டுகளாவது ஆகும். எனக்கு இடமாற்றம் வந்த அன்று, தலைவி தம் வரப்பில் முழங்கால் உயரம் நின்ற கன்றைக் காட்டி, "இதை உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்" என்றார்.

எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது தெரிந்திருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.